ஒன்பது வட்டி டெம்போ

பன்னிரண்டு ஒன்பதைவிடக் குறைவு என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என் வீட்டுக்காரர் சிரித்தார். பொன்னேரி பேங்கில் அந்த ஆபீசர் முகத்துக்கு எதிரிலேயே சிரித்துவிட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வந்து அங்கேயும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"டிகிரி படிச்ச ஆளுப்பா. நெத்தி நெறைய நாமம் போட்டுக்கினு, ஃபேனுக்கு அடியில குந்திக்கினு, பன்னெண்டு ஒம்போதைவிடக் கம்மின்றான். நம்ம ஊரு வாத்தியாரா இருந்தா முட்டி போட வெச்சிருப்பாரு."

டீக்கடையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரியவும் இல்லை. புரியாததற்கெல்லாம் சிரித்துவைக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

இது எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் நடந்தது. அவர் பெயர் குப்புராஜ், என் பெயர் குணசுந்தரி. கவரைப்பேட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டு, ரோட்டோரக் கழனிகளை ஆட்கள் வந்து விலை கேட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ரோட்டோர ஒரு ஏக்கரை ஒருவர் வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினார். அந்தப் பணத்தில் நாத்தனார் கல்யாணம் போக மூவாயிரம் மிச்சம். மீதி இருந்தது வீடும் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரும். அதுவும் செத்துப்போன என் மாமனார் பேரிலேயே இருந்தது, மாற்றவில்லை.

கம்பெனி வருகிறதென்றால் செங்கல் போகும், சிமெண்ட் போகும், ஆட்களுக்குச் சோற்றுக்கு அரிசி போகும். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போக வண்டி வேண்டும். மூன்று சக்கர டெம்போ ஒன்று, பழையது, ஒன்பதாயிரத்துக்கு வந்தது. கையில் மூவாயிரம். இன்னும் ஆறாயிரம் வேண்டும். அதற்குத்தான் பேங்குக்குப் போனார்.

பேங்கில் கடன் பிரிவைப் பார்த்தவர் ஸம்பத்குமார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், இவர் மட்டும் உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றுங்கள், ஜாமீனுக்கு ஓர் ஆளைக் கூட்டி வாருங்கள், இரண்டு மாதம் பொறுங்கள், பன்னிரண்டு சதவிகித வட்டியில் தருகிறேன் என்றார். திருவள்ளூரில் ஃபைனான்ஸ் வைத்திருந்த துளசிராமனோ ஒன்பது சதவிகிதம், ஜாமீன் வேண்டாம், பட்டா வேண்டாம், நாளைக்கே வண்டி என்றார். என் வீட்டுக்காரர் துளசிராமன் சொன்னதை ஸம்பத்குமாரிடமே போய்ச் சொன்னபோதுதான் அந்தப் பன்னிரண்டு, ஒன்பது பேச்சு வந்தது. மொத்தமாகக் கூட்டிப் பாருங்கோ என்று அவர் காகிதத்தை இழுத்திருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கணக்கு என்று வந்தால் மட்டும் முதலில் கண்ணில் படுகிற எண்ணைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது.

கையெழுத்துப் போட ஒரு வெள்ளிக்கிழமை இருவருமாகத் திருவள்ளூர் போனோம். முதலில் வேண்டுதலுக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, பெருமாளைச் சேவித்துவிட்டு, பிறகு ஃபைனான்ஸ் ஆபீஸ். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. சுவரில் லட்சுமி படம், ஊதுபத்தி, மல்லிகைச் சரம். துளசிராமன் பார்க்க நன்றாக இருப்பார். வெள்ளை ஜிப்பா, இனிமையான பேச்சு. பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள், தெலுங்கு கலந்த தமிழ்.

"வா நைனா, வா தாயி. நல்ல நாள்ல வந்திருக்கீங்க. மாசம் எரநூத்தி நாப்பத்தஞ்சு, முப்பது மாசம். வண்டி உங்குது."

பேப்பர் முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. நான் எட்டாவது வரை படித்தவள். அந்த எழுத்து எட்டாவதுக்கு அடங்காது.

"தவணை நாளு ஒவ்வொரு மாசமும் மொத வெள்ளிக்கெழமை" என்றார் துளசிராமன். "லட்சுமி வர்ற நாளு."

எனக்குச் சுருக்கென்றது. லட்சுமி அவர் வீட்டுக்கல்லவா வருகிறாள், எங்கள் வீட்டிலிருந்து போகிறாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பிடி உப்புகூடக் கடனாக வெளியே போகாது. காசு என்றால் கேட்கவே வேண்டாம்.

"வெள்ளிக்கெழமை நாங்க துட்டு குடுக்கமாட்டோமேங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினார். "நானுந்தான் குடுக்கமாட்டேன் தாயி. யாரு குடுப்பா? நீங்க சனிக்கெழமை குடுங்க. நம்ம ஆளு வெள்ளி, சனி ரெண்டு நாளும் கவரைப்பேட்டை ஸ்டாண்டுக்கு வருவான். நமக்குள்ள இன்னா?"

"அப்போ பேப்பர்லயும் சனிக்கெழமைன்னே எழுதிடுங்களேன்."

துளசிராமன் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இன்னா நைனா இது? வண்டிக்கு எழுதற மொத பேப்பர்ல சனி பேரை எழுதச் சொல்லுது தங்கச்சி. எழுதட்டுமா? எனக்கொண்ணும் இல்ல. ஓட்டப்போறவன் நீ."

என் வீட்டுக்காரர் கையை ஆட்டித் தடுத்தார். "ஐயோ, வேணாம் மொதலாளி. அது தெரியாம பேசுது. வெள்ளின்னே இருக்கட்டும்."

வெள்ளி என்றே இருந்தது. பேப்பரில் வெள்ளி, வாய்ப்பேச்சில் சனி. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு லட்சுமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துளசிராமனும் ஒற்றிக்கொண்டார். இருவரும் ஒரே சாமியைத்தான் கும்பிட்டார்கள். யாருக்குப் பலித்தது என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய், கீரை. பத்து மணிக்கு மேல் கும்மிடிப்பூண்டிக்குச் செங்கல், ஜல்லி. சாயங்காலம் அவர் மேலெல்லாம் டீசல் வாடையோடு வந்து குளிப்பார். பிள்ளைகள் இரண்டும் டெம்போவுக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருகித் திருகி விளையாடும். கடையில் கடன் சொல்லாமல் எண்ணெய் வாங்கினேன். எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

ஒரு தவணை தவறவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கு மறுநாள் காலை, சனிக்கிழமை, சுளையாக இருநூற்று நாற்பத்தைந்து. வசூல் ஆள் ரசீது கிழித்துக் கொடுப்பான். ஸ்டாண்டில் இன்னொரு டெம்போ யேசுதாஸுடையது. அவரும் அதே ஃபைனான்ஸில் வாங்கியவர்தான். அவருக்கு வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, வெள்ளியன்றே கட்டிவிடுவார்.

"குப்பு, வியாழக்கெழமையே எங்கிட்ட குட்த்துடு. மறுநாளு என்னுதோட சேத்து நான் கட்டிடறேன். பேப்பர்ல இன்னா போட்டுக்குதோ அதும்படி இருக்கறது நல்லதுபா" என்று யேசுதாஸ் ஒருமுறை சொன்னார்.

"யாரு கையால போனா இன்னா யேசு? வெள்ளிக்கெழமை போறது என் துட்டுதானே? மொதலாளியே ஒத்துக்கினாரு. உனக்கின்னா பேஜாரு?" என்றார் இவர்.

யேசுதாஸ் சொல்லிப் பார்த்தார். நல்ல மனிதர். மூன்றாம் மனிதன் எவ்வளவுதான் சொல்லுவான்?

எழுபத்துமூன்று ஏப்ரல் கடைசியில் கியர்பாக்ஸ் போய்விட்டது. மெக்கானிக் சொன்ன தொகை எங்கள் கையில் இல்லை. அப்போது இன்னும் நாலு தவணைதான் பாக்கி. நாலையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் இருபது ரூபாய் குறைவு. வண்டி படுத்திருந்தது, வரும்படி இல்லை. மே மாதத் தவணையைக் கட்ட முடியவில்லை. வசூல் ஆளிடம் இவரே போய்ச் சொன்னார். "பரவால்ல, ஜூன்ல சேத்துக் குடு" என்று அவனும் போய்விட்டான்.

அந்த மே மாதத்தில்தான் யேசுதாஸ் சலூனில் பேப்பர் படித்துவிட்டு ஓடி வந்தார். தவணையில் வண்டி வாங்குகிறவர்களுக்காக டெல்லியில் போன வருஷமே ஒரு சட்டம் போட்டிருந்தார்களாம், அது ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறதாம்.

"ரொக்க வெலை எவ்ளோ, தவணைல மொத்தம் எவ்ளோன்னு ரெண்டையும் பேப்பர்ல எழுதிக் காட்டணுமாம் குப்பு. பாதிக்கு மேல கட்டிட்டவன் வண்டியில கை வெக்கக் கூடாதாம். கோர்ட்டுக்குப் போய்த்தான் எடுக்கணுமாம்."

என் வீட்டுக்காரர் பாதியல்ல, முக்காலுக்கு மேலேயே கட்டியிருந்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு திரும்ப வந்தது. நான் கியர்பாக்ஸுக்கென்று பால் மாட்டை விற்று வைத்திருந்த பணத்தில் இரண்டு தவணையையும் முதலில் கட்டிவிடலாம் என்றேன். வண்டி இன்னும் ஒரு மாதம் படுத்திருக்கட்டும், யாருக்காவது கூலிக்கு ஓட்டுங்கள் என்றேன்.

"நீ இன்னாமே, ஒண்ணும் தெரியாம பேசிக்கினு? வண்டி ஓடினாதான துட்டு? இப்ப கியர்பாக்ஸ் மாத்திட்டா ஜூலைல மூணு தவணையும் ஒண்ணா கட்டிடுவேன். அதுவரைக்கும் ஒரு பய கை வெக்க முடியாது. சட்டம் இருக்குது."

"சட்டம் நம்ம ஊட்டு வாசல்ல வந்து காவல் நிக்குமா?" என்று கேட்டேன்.

சண்டை பெரிதாகிவிட்டது. ஊரே கேட்டது. கடைசியில் மாட்டுப் பணம் கியர்பாக்ஸுக்குப் போனது. சட்டம் வருகிற ஜூன் ஒன்றாம் தேதி, பாருங்கள், அதுவும் வெள்ளிக்கிழமை. எங்கள் தவணை நாள். அன்றைக்கு அவர் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, புது கியர்பாக்ஸோடு எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு தவணைப் பாக்கி வைத்திருக்கிறவன் போல இல்லை, மாப்பிள்ளை போலப் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பொன்னேரி மார்க்கெட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் வந்தார்களாம். கத்தரிக்காய் மூட்டைகளைத் தரையில் இறக்கிப் போட்டுவிட்டுச் சாவியைப் பிடுங்கியிருக்கிறார்கள். "சட்டம் இருக்குதுடா, கோர்ட்டுக்கு வாங்கடா" என்று இவர் கத்தியிருக்கிறார். அதில் ஒருவன் இவர் தோளைத் தட்டி, "போய்ட்டு வா நைனா, கோர்ட்டுல எங்களையும் விசாரிச்சதாச் சொல்லு" என்றானாம். சிரித்திருக்கிறார்கள். அந்த மார்க்கெட்டில் அவரைத் தெரியாத வியாபாரி கிடையாது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யேசுதாஸுக்கும் அந்த மாதம் ஒரு தவணை பாக்கிதான். அவர் வண்டியை யாரும் தொடவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது சிவில் விவகாரம், கேஸ் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. பிள்ளைகள் டெம்போ எங்கே என்று கேட்டதற்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார். மறுநாள் தபாலில் கடிதம் வந்தது. பத்து நாளில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கட்டி வண்டியை மீட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்று. நாலு தவணை ஆயிரத்துக்கும் குறைவு, இது எப்படி இரண்டாயிரத்து நானூறு ஆனது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் பேங்குக்கு வர மறுத்துவிட்டார். எந்த முகத்தோடு போவார்? நான்தான் கடிதத்தையும் ரசீதுக் கட்டையும் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். ஸம்பத்குமார் என்னை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். அவர் முகத்தில் 'நான் அப்போதே சொன்னேனே' என்கிற குறி துளிகூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன்.

"இருபத்தாறு தவணை கட்டியிருக்கேள். அத்தனை ரசீதும் சனிக்கிழமை தேதி. அக்ரிமெண்ட்ல தவணை வெள்ளிக்கிழமை. அப்போ இருபத்தாறும் தாமதம்னு ஆறது. ஒரு தாமதத்துக்கு நாப்பது ரூபாய் அபராதம்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு. அந்த அபராதத்துக்கும் வட்டி."

"அவரே சனிக்கெழமை குடுன்னாருங்களே."

"எழுத்துல இல்லையேம்மா."

"சட்டம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜூன் ஒண்ணாந்தேதி வர்றதா இருந்தது. மே முப்பத்தொண்ணு அன்னிக்கு நிறுத்தி வெச்சுட்டா. முந்தின நாள். எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது."

வருகிறது என்பதைப் பெரிசாகப் போட்ட பேப்பர், வரவில்லை என்பதை எங்கே போட்டது என்று தெரியவில்லை. யேசுதாஸ் கண்ணில் படவில்லை. எனக்கு அந்த டெல்லிக்காரர்கள் பேரெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சபித்திருப்பேன்.

பிறகு நான் கேட்டேன், பன்னிரண்டு எப்படி ஒன்பதைவிடக் குறைவு என்று. இரண்டரை வருஷமாக என் மனதில் இருந்த கேள்வி. அவர் காகிதம் எடுத்து எழுதிக் காட்டினார்.

"மாசாமாசம் அசலும் குறைஞ்சுண்டே வரது இல்லையா? எங்க வட்டி, மிச்சம் இருக்கிற அசலுக்கு மட்டும். அவா வட்டி, முதல் நாள் வாங்கின ஆறாயிரத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும். கடைசி மாசம் உங்ககிட்ட இருக்கற கடன் எரநூத்துச் சொச்சம்தான். ஆனா ஆறாயிரத்துக்கு வட்டி கட்டிண்டிருப்பேள். மொத்தத்துல எங்ககிட்ட வட்டி ஆயிரத்துக்கு உள்ள. அங்கே ஆயிரத்து முந்நூத்தம்பது. அபராதம் தனி."

இவ்வளவுதான். நாலு வரி. ஒரு காகிதத்தில் பாதிகூட நிறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேங்கில் எல்லாரும் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

"ரெண்டாயிரத்து நானூறு கடன் குடுங்க சாமி. பன்னெண்டுக்கே குடுங்க."

அவரால் முடியவில்லை. வண்டி எங்கள் கையில் இல்லை, அதனால் அடமானமாகாது. வீடு மாமனார் பேரில் இருக்கிறது, பட்டா மாற இரண்டு மாதம். பத்து நாளில் ஒன்றும் நடக்காது. வாசல்வரை வந்து, "பட்டாவை மட்டும் முதல்ல மாத்திடுங்கோம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

கெடுவுக்கு முந்தின நாள் பெரியபாளையம் வழி பஸ் பிடித்து இருவரும் திருவள்ளூர் போனோம். என் மூக்குத்தியும் வெண்கலப் பாத்திரங்களும் போட்டு எழுநூறு சேர்த்திருந்தேன். துளசிராமன் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்கிட்ட எனக்கு இன்னா கோபம் நைனா? கம்பெனி ரூலு. பழைய அக்ரிமெண்ட் முடிஞ்சு போச்சு. கடைசித் தவணை கட்ற வரைக்கும் வண்டி என்னுது, நீ வாடகைக்கு ஓட்றவன், அது தெரியுமில்ல? சரி, ஓட்டிப் பழகின கையி. வேற ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. புதுசா ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். அட்வான்ஸே வேணாம். அபராதம் எல்லாம் தள்ளுபடி. அதே ஒம்போது வட்டி. போன தடவை மாசம் எரநூத்தி நாப்பத்தஞ்சு கட்னே, இப்ப வெறும் நூத்தித் தொண்ணூத்தி நாலு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்பது ரூபா கம்மி சுந்தரி" என்றார் என்னிடம், மெதுவாக.

"மொத்தம் எவ்ளோங்க?" என்று நான் துளசிராமனைக் கேட்டேன்.

"மாசம் நூத்தித் தொண்ணூத்தி நாலு தாயி."

"மொத்தம் கேக்கறேன்."

"மூணு வருசம். கஷ்டமே தெரியாது."

"மொத்தம்."

அவர் முதல்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். வண்டி விலை ஐயாயிரம். செலவு ஐந்நூறு. அதற்கு மூன்று வருஷ வட்டி. மொத்தம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு.

"இந்தச் செலவு ஐந்நூறு இன்னாது?"

அதையும் எழுதித்தான் வைத்திருந்தார், ஒளிக்கவில்லை. வண்டி நிறுத்திய இடத்துக்கு வாடகை. புதுப் பெயிண்ட். வண்டியைப் பிடிக்க வந்த நாலு பேர் கூலி. அவர்கள் அன்றைக்குப் பொன்னேரியில் தின்ற நாஷ்டா. என் புருஷன் மார்க்கெட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் தின்ற இட்லிக்கும் நாங்கள்தான் வட்டியோடு கொடுக்க வேண்டும்.

கையிலிருந்த காப்பி டம்ளரை அந்த ஆள் முகத்தில் வீசினால் என்ன என்று நினைத்தேன். நினைத்தபடியே மனக்கணக்கும் போட்டேன். ஏற்கெனவே கட்டியது முன்பணத்தோடு ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபது. இனிமேல் ஏறக்குறைய ஏழாயிரம். ஒன்பதாயிரம் ரூபாய் பழைய டெம்போ, கடைசியில் பதினாறாயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டு புது வண்டிக்கான பணமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கான பணம் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அடுத்து அவர் அதைத்தான் கேட்டார்.

"ஒரு சின்ன ஜாமீன் மட்டும். ஊட்டுப் பத்திரம் எங்கிட்ட இருக்கட்டும்."

"அது எங்க மாமனாரு பேர்ல இருக்குது. பேங்குல அதுக்கு ஆவாதுன்ட்டாங்க."

"பேங்கு கெடக்குது தாயி. நம்மகிட்ட அதெல்லாம் ஒண்ணும் பாக்கறதில்ல. அவரு புள்ளை ஒருத்தன்தானே? நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்."

நான் என் வீட்டுக்காரரைத் தனியாக வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்றேன். கம்பெனியில் கூலி வேலைக்குப் போங்கள், நானும் வருகிறேன், கல் சுமக்கலாம் என்றேன்.

"போன வாரம் ரெண்டு கம்பெனில போய்க் கேட்டேன்" என்றார். "உங்கிட்ட சொல்லல. நாப்பது வயசு ஆளை வேணாம்ன்றான். கேட்டுலயே நிக்க வெச்சு அனுப்சிட்டான். நெலமும் இல்ல. மாடும் இல்ல. வண்டிய வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும் சுந்தரி? புள்ளைங்களுக்கு இன்னாத்தைப் போட்றது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எதிர்வரிசையில் ஒரு பேங்கு இருந்தது, கண்ணாடிக் கதவு போட்டு. அதற்குள் எங்களுக்கு இடமில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த இந்த அறையில்தான் எங்களுக்கு இடமிருந்தது.

திரும்ப உள்ளே போனோம். அவர் முதலில் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதே பொடி எழுத்து. இந்தத் தடவை அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஒன்பது என்றால் எவ்வளவு என்று தெரியும். தாமதம் என்றால் என்ன, மொத்தம் எங்கே போய் நிற்கும், கட்ட முடியாவிட்டால் எங்கள் வீட்டு வாசலுக்கு எந்த நாலு பேர் வருவார்கள், அவர்கள் நாஷ்டாவுக்கு யார் கொடுப்பார்கள் என்பதெல்லாம் தெரியும்.

போன தடவை ஏமாந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை அதற்கும் வழியில்லை. முழுப் பெயரையும் எழுதினேன், கு. குணசுந்தரி என்று, எழுத்துப் பிழை இல்லாமல்.

வெளியே அவர் டெம்போவின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "பார்த்தியா, புது வண்டி மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க" என்றார்.